கையாலேயே ஒரு பாக்கெட் மல்டி டூல் செய்வது எப்படி? எந்த ஸ்டீல், எவ்வளவு தடிமன், என்னென்ன வேலைகளை அதில் அடக்கலாம்?

கேள்வி கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது: எப்போதும் பாக்கெட்டில் கிடக்கும்படி ஒரு சின்ன மல்டி டூலைத் தானே செய்ய ஆசைப்படுகிறார். கையில் இருப்பது ஒரு வைஸ், டிரில், ஹேக்ஸா, நாலைந்து அரம். எந்த உலோகம், எத்தனை மி.மீ., எத்தனை வேலைகள் என்று கேட்டுவிட்டு, கடைசியில் "கடையில் கிடைப்பதைவிட நன்றாக வருமா?" என்றும் கேட்டிருக்கிறார்.

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். குறடும் கத்தியும் மடங்கி உள்ளே போகும் வகையை மனதில் வைத்திருந்தால், வராது. டிம் லெதர்மேன் 1975 இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோதுதான் குறடு உள்ள ஒரு பாக்கெட் கருவி வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. காப்புரிமை கிடைத்தது 1980 இல், முதல் கருவி விற்பனைக்கு வந்தது 1983 இல். அவர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், அப்படியும் இத்தனை ஆண்டுகள். மடக்குக் கருவியில் கீல், ஸ்பிரிங், பூட்டு ஒவ்வொன்றும் நூலிழை துல்லியத்தில் உட்கார வேண்டும். அரத்தை வைத்துக்கொண்டு அதோடு போட்டி போடுவதில் அர்த்தமில்லை.

அசையும் பாகம் எதுவுமில்லாத, ஒரே துண்டு எஃகில் செய்த கருவி என்றால் கதை வேறு. கையால் செய்ததே பெரும்பாலும் ஜெயிக்கும். அமெரிக்காவில் பீட்டர் அட்வுட் போன்றவர்கள் இந்த ஒற்றைத்துண்டுக் கருவிகளைச் சிறு சிறு தொகுதிகளாகச் செய்து விற்றபோது, சேகரிப்பவர்கள் காத்திருந்து வாங்கினார்கள். அழகு ஒரு காரணம்தான். ஆனால் மலிவாக அச்சில் வெட்டி வரும் தகடுகளில் இல்லாத இரண்டு விஷயங்களை, சரியான தடிமனையும் முறையான தோய்ச்சலையும் (எஃகைச் சூடாக்கி, முக்கிக் கடினமாக்கும் வேலை), தனி ஆள் கவனம் எடுத்துச் செய்ய முடியும் என்பதுதான் முக்கியமான காரணம்.

எத்தனை வேலைகள்?

ஏடிஎம் கார்டு அளவில் நாற்பது வேலை செய்யும் என்று விற்கும் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆறேழு அளவு ஸ்பேனர் ஓட்டை, ரம்பம், அளவுகோல், இன்னும் என்னென்னமோ. இரண்டு மி.மீ. கூட இல்லாத தகட்டில் எதையும் அழுத்தித் திருப்பினால் முதலில் வளைவது தகடு, அடுத்து வலிப்பது உங்கள் விரல். அளவுகோல் கோடுகளை நான் அலங்காரக் கணக்கில்தான் சேர்ப்பேன். மூன்று சென்டிமீட்டர் அளக்க யாரும் பாக்கெட்டில் கைவிடுவதில்லை.

கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. 3 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய மடக்குக் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளியில் செய்தது, கத்தி மட்டும் இரும்பு. கரண்டி, முள், கூர்முனை, சிறு மட்டக்கரண்டி என்று அதில் உள்ள பெரும்பாலானவை சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டவை. வைத்திருந்தவருக்குத் தான் எதற்கு அதை எடுக்கப்போகிறோம் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. 1942 இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான பி-38 டின் ஓப்பனர் இதற்கு நேர் எதிர்க்கோடி. சுமார் 38 மி.மீ. நீளம், ஒரே வேலை. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும் பழைய சிப்பாய்கள் அதைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றவில்லை.

ஆகவே ஒரு வாரம் கவனியுங்கள். "இப்போது கையில் ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும்போதெல்லாம் என்ன வேலை என்று குறித்து வையுங்கள். பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் பட்டியல் இப்படித்தான் வரும்: தளர்ந்த ஸ்க்ரூவை முடுக்குவது, பெயிண்ட் டப்பா மூடியை நெம்புவது, பார்சல் டேப்பைக் கிழிப்பது, சாவி வளையத்தைப் பிரிப்பது, ஸ்டேபிள் பின்னைப் பிடுங்குவது, பாட்டில் மூடி திறப்பது. இவ்வளவுக்கும் தேவை ஒரு நெம்பு முனை, ஒரு பிட் துளை (மாற்றி மாற்றிப் போடும் ஸ்க்ரூ டிரைவர் முனையான பிட்டைச் செருகும் ஓட்டை), ஒரு கொக்கி. மூன்றே மூன்று. மற்றதெல்லாம் இந்த மூன்றுக்கும் இடையில் மிஞ்சும் இடத்தில் வந்தால் வரட்டும்.

ஸ்பேனர் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரே ஓர் அளவு போதும். எம்5 போல்டுக்கு 8 மி.மீ., எம்6 போல்டுக்கு 10 மி.மீ., உங்கள் சைக்கிளிலோ வண்டியிலோ எது அதிகமாக வருகிறதோ அது. படிப்படியாகக் குறுகும் பல அளவுப் பள்ளம் வேண்டாம். அது நட்டின் பக்கங்களை முழுதாகப் பிடிக்காமல் முனைகளை மட்டும் கவ்வும், இறுகிய நட்டாக இருந்தால் தலையை மழுக்கிவிட்டுத்தான் ஓயும்.

முனைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்

தடிமன் எவ்வளவு, எந்த எஃகு, எவ்வளவு கடினம் என்ற மூன்று கேள்விக்கும் விடை நெம்பு முனையில்தான் இருக்கிறது. கருவியில் மிக அதிகமான பளு விழுவது அங்கேதான். 80 மி.மீ. நீளக் கருவியில் முனையிலிருந்து 10 மி.மீ. தள்ளி டப்பாவின் விளிம்பில் முட்டுக்கொடுத்து நெம்பினால், கை தரும் விசை முனையில் ஏழு மடங்காகிறது. பத்துக் கிலோ அழுத்தம் எழுபதாகி, ஒரு நகத்தின் அகலமுள்ள எஃகில் இறங்குகிறது.

பட்டையான துண்டு வளையாமல் தாங்கும் பலம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும், விறைப்பு மும்மடிக்கு ஏற்பக் கூடும். 3 மி.மீ. தகட்டுக்குப் பதில் 4 மி.மீ. எடுத்தால் பலம் சுமார் 1.8 மடங்கு, விறைப்பு சுமார் 2.4 மடங்கு. ஒரே ஒரு மில்லிமீட்டரில் இவ்வளவு கிடைக்கும்போது 3 இல் கஞ்சத்தனம் பிடிக்க வேண்டாம். 5 மி.மீ. போனால் பாக்கெட்டில் உறுத்தும், அரத்தால் வெட்டவும் பாடு. என் தேர்வு 4 மி.மீ. 80 மி.மீ. நீளம், 18 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் உள்ள எஃகுத் துண்டு சுமார் 45 கிராம் இருக்கும். துளையும் கொக்கியும் வெட்டிய பிறகு இன்னும் குறையும்.

நெம்பு முனையையே தட்டை ஸ்க்ரூவுக்கும் பயன்படுத்த நினைப்பீர்கள், நினைக்கவும் வேண்டும். ஆனால் பெரும்பாலானோர் முனையை உளிபோல் சாய்வாகத் தேய்த்து விட்டுவிடுவார்கள். ஆப்பு வடிவ முனை ஸ்க்ரூவின் பள்ளத்தில் அடிவரை உட்காராது. திருப்பத் திருப்ப அந்தச் சாய்வே முனையை மேலே தள்ளும், பள்ளம் பிய்ந்துபோகும். ஆகவே கடைசி 2 மி.மீ. நீளத்துக்கு இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். முதலில் சாய்வைத் தேய்த்து, முனையில் சுமார் 1.3 மி.மீ. கனம் மிச்சம் விடுங்கள். பிறகு அரைவட்ட அரத்தின் வளைந்த முகத்தால், முனைக்குச் சற்றுப் பின்னால் இரு பக்கமும் மெல்லக் குடைந்துகொண்டே வந்து, நுனியில் 1 மி.மீ. கனமுள்ள இணை முகங்களில் முடியுங்கள். 5.5 மி.மீ. அகலத்துக்கு 1 மி.மீ. கனம் என்பது தட்டை ஸ்க்ரூ டிரைவர்களில் வழக்கமான அளவு, பொதுவாகக் கண்ணில் படும் ஸ்க்ரூக்களுக்கு அது போதும். குடைவு கூர்மையான மூலையில் முடியாமல் வளைவாக உடம்போடு சேர வேண்டும். உள்மூலை கூர்மையாக இருக்கும் இடமெல்லாம் பின்னால் விரிசல் பிறக்கும் இடம்.

எந்த உலோகம்

சும்மா கிடக்கிறது என்பதற்காக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை எடுக்காதீர்கள். கடைகளில் சாதாரணமாகப் புழங்கும் 304 வகையை எவ்வளவு சூடாக்கி எதில் முக்கினாலும் கடினமாகாது. பழைய அரத்தை அப்படியே தேய்த்துக் கருவியாக்குவதும் வேண்டாம். அது ஏற்கெனவே மிகக் கடினம், நெம்பும்போது வளையாது, படாரென்று ஒடிந்து தெறிக்கும்.

நெம்பும் கருவிக்கு ஸ்பிரிங் ஸ்டீல்தான் சரி. 5160 என்ற வகை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 0.6 சதவீதம் கார்பன், கொஞ்சம் குரோமியம், வண்டிகளின் லீஃப் ஸ்பிரிங்குக்கு இந்தக் குடும்பத்து எஃகைத்தான் போடுவார்கள். அதற்காகக் காயலான் கடை லீஃப் ஸ்பிரிங்கை வாங்கிவிடாதீர்கள். என்ன வகை என்று தெரியாது, பல ஆண்டு உழைப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். வகை எழுதிய, பதம் இறக்கிய மிருதுவான பட்டையாகவே வாங்குங்கள். ஓ-1 என்ற டூல் ஸ்டீலும் நல்லதுதான். கார்பன் 0.9 சதவீதம் அளவில் இருப்பதால் தேய்மானம் குறைவு, ஆனால் நெம்புவதில் ஸ்பிரிங் ஸ்டீல் அளவுக்கு முரட்டுத்தனம் தாங்காது.

டைட்டானியம் பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த கிரேடு 5 தான் கருவிகளுக்கு எடுப்பது. துருப்பிடிக்காது, தோய்ச்சல் வேலை இல்லை, மேலே சொன்ன அதே அளவுத் துண்டு 25 கிராம் சொச்சம்தான். ஆனால் விறைப்பு எஃகில் ஏறக்குறைய பாதி, அதனால் நெம்பும்போது ஸ்பிரிங் மாதிரி குழையும். கடினப்படுத்திய ஸ்க்ரூவில் வைத்துத் திருப்பினால் முனை நசுங்கும். பார்க்க அழகு, கையில் சுகம், நெம்புவதற்கு இரண்டாம் பட்சம். ஒரு எச்சரிக்கை: அதன் மெல்லிய தூள் தீப்பிடித்தால் மிக உக்கிரமாக எரியும், தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும். எஃகுப் பொறி பறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தத் தூளைச் சேரவிடக் கூடாது.

பிட் துளை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். உலகம் முழுக்கக் கிடைக்கும் கால் அங்குல அறுகோண பிட்டுக்கு எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 6.35 மி.மீ., எதிரெதிர் மூலைகளுக்கு இடையே சுமார் 7.33 மி.மீ. 6.35 மி.மீ. வட்டத் துளை போட்டாலே ஆறு பக்கங்களும் வட்டத்தைத் தொட்டுவிடுகின்றன. அரத்துக்கு மிச்சம் இருப்பது ஆறு மூலைகள், ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் ஆழம்தான். பார்த்தால் பெரிய வித்தைபோல் தெரியும், உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுது வேலை.

பட்டையை வெளிவடிவத்துக்கு வெட்டும் முன்பே துளைகளைப் போட்டுவிடுங்கள், பெரிய துண்டை இறுக்கிப் பிடிப்பது சுலபம். கையால் பிடித்துக்கொண்டு டிரில் போடவே கூடாது. டிரில் முனை சிக்கினால் தகடு காற்றாடிபோல் சுழன்று விரலை வெட்டும். சென்டர் பன்ச்சால் குத்தி, 3 மி.மீ. முன்துளை, பிறகு 6.2 மி.மீ. துளை. எண்ணெய் விட்டு நிதானமான வேகத்தில். அரத்துக்காகக் கொஞ்சம் மிச்சம் வைத்தால், மையம் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் சரிசெய்துகொள்ளலாம்.

இனி சிறு முக்கோண அரம். துளையின் விளிம்பில் மார்க்கர் மையைத் தடவி, பிட்டின் முனையை அதில் வைத்து லேசாகத் தட்டுங்கள். ஆறு மூலைகளும் மையில் பதியும். அந்த ஆறு புள்ளிகளில் மட்டும் அரத்தின் விளிம்பை ஓட்டுங்கள். ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அரம் செங்குத்தாகவே போக வேண்டும், சாய்ந்தால் துளை வாய் அகன்று நடு குறுகிவிடும். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் முறை வைத்துத் தேயுங்கள். பிட் விரலழுத்தத்தில் உள்ளே போய், ஆட்டினால் ஆடாமல் நின்றால் போதும். 4 மி.மீ. தகட்டில் பிட்டைப் பிடிக்கும் ஆழமும் 4 மி.மீ. தான் என்பதால் தளர்ச்சிக்கு இடமே கொடுக்கக் கூடாது. கடைசியில் ஆறு மூலைகளையும் மெல்லிய வட்ட அரத்தால் ஒருமுறை தொட்டுவிடுங்கள். பிட்டின் மூலைக்கு இடம் கிடைக்கும், தோய்ச்சலில் அந்த மூலையிலிருந்து விரிசல் ஓடுவதும் தடுக்கப்படும்.

பிட் நழுவி விழாமல் இருக்க அதன் மேல் ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் மாட்டினால் போதும். காந்தம் பதிப்பது, ஸ்பிரிங் குண்டு வைப்பதெல்லாம் இரண்டாவது கருவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பின் குறையையும் சொல்லிவிடுகிறேன்: பிட் கருவிக்குச் செங்குத்தாக நிற்பதால் திருகும் பலம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் குறுகலான பள்ளத்துக்குள் இருக்கும் ஸ்க்ரூவுக்குக் கருவியின் உடம்பே குறுக்கே நிற்கும். 50 மி.மீ. நீள பிட் ஒன்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

பாட்டில் கொக்கிக்குக் கணக்குப் போட்டு மண்டையை உடைக்க வேண்டாம். நன்றாகத் திறக்கும் ஓப்பனர் ஒன்றைத் தகட்டின் மேல் வைத்து, கொக்கிக்கும் முட்டுக்கும் உள்ள இடைவெளியை அப்படியே வரைந்துகொள்ளுங்கள். கொக்கியின் வெளி நுனியை மட்டும் சற்றுக் கூராக விட்டால் பார்சல் டேப்பைக் கிழிக்கவும் அதுவே உதவும், தனியாகக் கத்தி தேவைப்படாது.

தோய்ச்சல்

அரத்தில் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் இந்தக் கட்டம் இல்லாவிட்டால் முதல் டப்பாவிலேயே முனை வளையும். 5160 ஐ 830 முதல் 845 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோய் எண்ணெயில் முக்க வேண்டும். சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். காந்தம் விட்டதும் முக்கிவிடாமல், நிறம் இன்னும் ஒரு படி பிரகாசமாகும்வரை சூட்டைத் தொடர்ந்து, இரண்டு மூன்று நிமிடம் அங்கேயே நிறுத்துங்கள். எண்ணெய் 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது, குளிர்ந்த எண்ணெயைவிட அது ஒழுங்காகச் சூட்டை உறிஞ்சும். நீளவாக்கில் செங்குத்தாக இறக்குங்கள், படுக்கவைத்துப் போட்டால் வளையும். திறந்த வெளி, உலோகப் பாத்திரம், கைக்கெட்டும் தூரத்தில் அதன் மூடி. எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போட்டு மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரிலேயே கருவியை முக்கும் யோசனையும் வேண்டாம், இந்த வகை எஃகு அதில் விரிசல் விடும்.

ஆறியதும் அரத்தை ஒரு மூலையில் ஓட்டிப் பாருங்கள். பல் பிடிக்காமல் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் கடினமாகிவிட்டது. இந்த நிலையில் கீழே போட்டால்கூட உடையலாம், எனவே தாமதிக்காமல் சமையல் ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம். கருவியின் உடம்புக்கு இது போதும். முனை மட்டும் இன்னும் கொஞ்சம் இளக வேண்டும். அதைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, முனைக்குச் சற்றுப் பின்னாலிருந்து சின்ன கேஸ் டார்ச்சின் தீயைக் காட்டினால் நிறங்கள் வரிசையாக ஊர்ந்து வரும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். ஸ்பிரிங்குக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் நீலத்தில், அதாவது சுமார் 300 டிகிரியில், நிறுத்துவது பழைய பட்டறை வழக்கம். சில கலப்பு எஃகுகள் 250க்கும் 370க்கும் இடைப்பட்ட சூட்டில் பதப்படுத்தினால் எதிர்பார்த்ததைவிட நொறுங்கும் தன்மை அடைவதுண்டு. ஆகவே வழக்கத்தைவிட, வாங்கிய எஃகோடு தரும் தகவல் தாளுக்கே முதலிடம் கொடுங்கள். முனையில் ராக்வெல் சி என்ற கடின அளவில் 52 முதல் 56 வரை கிடைத்தால் அது நெம்பவும் செய்யும், ஒடியவும் செய்யாது.

நெருப்பு வேலைக்கு வசதி இல்லையென்றால் தயங்காமல் ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தரும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எஃகின் வகையையும் வேண்டிய கடினத்தையும் எழுதிக் கொடுத்தால் போதும். அதனால் "கையால் செய்தது" என்ற பெயர் ஒன்றும் போய்விடாது.

கடைசி மெருகும் பாக்கெட்டும்

எல்லா விளிம்புகளையும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மழுக்கி, 120, 240, 400 என்று உப்புத்தாளில் ஏறுங்கள். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பிசிறு விட்ட விளிம்பு பாக்கெட் துணியை அறுத்துக்கொண்டே இருக்கும், பக்கத்தில் கிடக்கும் போனையும் கீறும். கார்பன் எஃகு வியர்வைக்குத் துருப்பிடிக்கும். வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்துச் சாம்பல் நிறம் ஏற்றிவிட்டு, அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் அடங்கி இருக்கும்.

சாவிக்கொத்தில் மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்க்ரூவைத் திருப்பும்போது ஏழெட்டுச் சாவி கூடவே சுற்றிக்கொண்டு வருவது எரிச்சல். மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சட்டென்று கழலும் கொக்கி ஒன்றை நடுவில் போடுங்கள். இல்லையேல் தனியாக ஒரு சிறு தோல் உறை.

கத்தி வைக்காததன் ஆதாயம் பயணத்தில் தெரியும். கத்தி விஷயத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பிரிட்டனில் தகுந்த காரணம் இல்லாமல் வெளியில் எடுத்துச்செல்ல, பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டுமே அனுமதி. அமெரிக்க விமானங்களில் 7 அங்குலத்துக்கு மேற்படாத கைக்கருவிகளைக் கைப்பையில் அனுமதிக்கிறார்கள், கத்தி கூடாது. அப்படியிருந்தும் முடிவு சோதனை செய்யும் அதிகாரியின் கையில்தான். கூராக விட்ட அந்தக் கொக்கி நுனியையோ முனையையோ பார்த்து அவர் வேண்டாம் என்றால் அங்கே வாதாடி ஜெயிக்க முடியாது. கையால் செய்த கருவியைச் சோதனைச் சாவடியின் பறிமுதல் தொட்டியில் போட்டுவிட்டு வர மனமில்லையென்றால், விமானம் ஏறும் நாளில் அதைச் செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.